வேளாங்கண்ணி நடைப்பயணம்: தம்ளரோடு வாருங்கள்

அன்பான குழு உறவுகளே, வணக்கம்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி கட்டி நடப்பவர்களில் இந்த முறையும் எல்லா மதத்தவரும் இருக்கிறோம். மனசு நிறைகிறது. ஒரு வேண்டுகோள்: ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தம்ளர், தட்டு, துணிப்பை கொண்டு வாருங்கள். போன வருஷம் ஒரு பந்தலைத் தாண்டியதும் நசுங்கிய தண்ணீர் பாக்கெட்டுகள் வாய்க்காலை அடைத்துக் கிடந்தன. ஒரு கன்றுக்குட்டி அதில் ஒன்றை மென்றுகொண்டு நின்றது. நாம் பிடுங்கி எறிந்தோம், ஞாபகம் இருக்கிறதா? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பாக்கெட்டுக்குத் தடையும் இருக்கிறது.

சிதம்பரத்தில் ஓர் இரவு தங்குவோம். கோயிலின் தலவிருட்சமான தில்லை மரம் இன்று நிற்பது பிச்சாவரம் அலையாத்திக் காட்டில். காலையில் விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம். இலையை மட்டும் கிள்ள வேண்டாம்; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

அப்புறம் நாகூர். ஓடும் ஆற்றங்கரையில் ஒளு செய்தாலும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவினாலும்) தண்ணீரை வீணாக்காதே என்ற நபிமொழியை நம் இஸ்லாமிய சகோதரர்கள் சொல்லித் தந்ததிலிருந்து நான் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவுவதில்லை.

செப்டம்பர் 1 படைப்புக்கான ஜெப நாள், அதாவது கடவுள் படைத்த இயற்கைக்காக ஜெபிக்கும் நாள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1989-இல் தொடங்கியதைக் கத்தோலிக்கத் திருச்சபை 2015-இல் ஏற்றது. அன்று மாலை ஜெபம் முடிந்ததும் கடற்கரையில் அறுந்த வலைத்துண்டுகளைப் பொறுக்குவோம். பங்குனி ஆமைகள் என்ற கடலாமைகள் முட்டையிட வரும் கரை அது.

கையுறை, சாக்கு என் பொறுப்பு. வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பெயர் போடுங்கள்.