வீட்டு டெஸ்ட்ல பாஸ் ஆனா மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

வீட்டிலேயே சைடு பார்வையை எப்படி செக் பண்ணலாம்னு உங்க மருத்துவப் பக்கத்துல போட்டிருந்தீங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா முக்கியமான சில சங்கதி விட்டுப்போச்சு, அதான் எழுதறேன்.

ரெண்டு பேர் ஒரு மீட்டர் தள்ளி எதிரெதிரா உக்காந்து, ஒருத்தர் இடது கண்ணைப் பொத்தினா மத்தவர் வலது கண்ணைப் பொத்திக்கணும். ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுப் பண்ணினா அது டெஸ்டே இல்லீங்க, ஒரு கண்ணுக்குத் தெரியாததை இன்னொரு கண்ணு பாத்துடும், குறை வெளியே தெரியாது. நீங்க எதிர்ல இருக்கறவர் மூக்கையே பாத்துக்கிட்டு இருக்கணும், அவர் ரெண்டு பேருக்கும் நடுவுல கையை நீட்டி நாலு மூலையிலயும் ஒண்ணோ ரெண்டோ விரல் காட்டணும். அவருக்குத் தெரியற விரல் உங்களுக்குத் தெரியலைன்னா யோசிக்காம கண் டாக்டர்கிட்ட போங்க.

ஆனா எல்லா விரலும் தெரிஞ்சா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல! கிளாகோமான்னு ஒரு நோய், கண் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுப் பார்வையைக் குறைச்சுடும், அதோட ஆரம்பக்கட்டம் இந்த விரல் டெஸ்ட்ல பெரும்பாலும் சிக்காது. எங்க அப்பாவுக்கு அதுதான். கண்ணாடிக் கடையில பவர் பாக்கும்போது கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிப்பார், ஆனா ரோட்டுல இடது பக்கமா வர்றவங்க மேல இடிச்சுக்குவார், வயசாச்சுல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில ஃபீல்டு டெஸ்ட் (சுத்திலும் எந்த இடம் தெரியுது, எது தெரியலைன்னு மெஷின்ல பாக்கறது) எடுத்து அந்தப் பேப்பரைக் கையில கொடுத்தப்போ ஒரு பக்கம் கறுப்பா பெரிய திட்டு, அதாவது பார்வை போன இடம், அப்பா அதையே பாத்துட்டு "எனக்குக் கறுப்பா எதுவும் தெரியலையே"ங்கறார். தெரியாதுதான், சுத்தி இருக்கறதை வச்சு மூளையே அந்த இடத்தை நிரப்பிடுதாம்.

அரவிந்த் கண் மருத்துவமனைக்காரங்க நம்ம தென் மாவட்டங்கள்ல 40 வயசு தாண்டினவங்க 5,000 பேருக்கு மேல பரிசோதிச்சு 2003ல வெளியிட்ட ஆய்வுல 2.6 சதவீதம் பேருக்கு கிளாகோமா இருந்துச்சு, அதுல 90 சதவீதத்துக்கு மேல அதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கப்படாதவங்க. போன பார்வை திரும்ப வராது, சொட்டு மருந்து விட்டு இருக்கறதைக் காப்பாத்தலாம், அவ்வளவுதான்.

அதனால 40 தாண்டினவங்க, அப்பா அம்மா கூடப்பிறந்தவங்கள்ல யாருக்காவது இது இருக்கறவங்க, மெடிக்கல் ஷாப்புல தானே ஸ்டீராய்டு சொட்டு வாங்கி மாசக்கணக்கா விடறவங்க, எல்லாரும் கண் பிரஷர், அதாவது கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தம், பாத்துக்கணும். பிரஷர் நார்மலா இருந்தும் கிளாகோமா வர்றது உண்டு, அதனால கண் நரம்பையும் பாக்கச் சொல்லிக் கேளுங்க.

இன்னொண்ணு, திடீர்னு ஓரத்துல திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ மின்னல் மாதிரி வெட்டினாலோ வீட்டுல விரல் காட்டிக்கிட்டு இருக்காதீங்க, விழித்திரை பிரியறதா இருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அடுத்த தடவை இந்த டெஸ்ட்டைப் போடும்போது இதையும் பக்கத்துலயே கட்டம் கட்டிப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்