பீடி முறத்தை எடுத்துப் போன ஆபாவுக்கும், தேடி அலைந்த எல்லாருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆட்டிசம் உள்ள என் பிள்ளை காணாமல் போன அந்த ராத்திரியைப் பற்றிக் குடியாத்தத்தில் தெரியாதவர்கள் இல்லை. திரும்ப எழுத எனக்குத் தெம்பும் இல்லை. பிள்ளை வீட்டில் இருக்கிறான். சோறு வேண்டாம், ரஸ்க்தான் வேண்டும் என்று இப்போதும் சண்டை. அல்ஹம்துலில்லாஹ்.

ஆட்டோக்கார அண்ணன்கள், ஸ்டேஷனில் இருந்தவர்கள், கிணறு கிணறாக டார்ச் அடித்துப் பார்த்த பசங்கள், யாரென்றே தெரியாமல் பைக் எடுத்து வந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. பள்ளிவாசல் மைக்கில் பெயர் சொன்னால் இவன் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் ஒளிந்துகொள்வான் என்றதும், ஏன் எதற்கு என்று கேட்காமல் அறிவிப்பை நிறுத்திய ஹஜரத்துக்கும்.

தண்ணீர் இருக்கும் இடங்களை முதலில் பார்க்கச் சொன்னது பேர்ணாம்பட்டு ஆபா, எங்கள் பேச்சில் அக்கா. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீரின் மேல் ஓர் இழுப்பு உண்டு. அவர் மகன் இப்போது வாலிபன். இப்படிப் பிள்ளைகள் உள்ள எங்கள் அம்மாமார் கூட்டத்தில் பார்த்ததோடு சரி, அவரோடு நான் நின்று பேசியதுகூட இல்லை.

மறுநாள் வந்தார். வீடு நிறைய ஆட்கள், எல்லார் வாயிலும் "எப்படிம்மா விட்டே?" ஆபா அதைக் கேட்கவில்லை. மூலையில் கிடந்த முறத்தைப் பார்த்தார். பீடி சுற்ற நனைத்து வைத்த இலை காய்ந்துகொண்டிருந்தது. "கடைக்கு எப்பம்மா கொடுக்கணும்?" என்றார். இலை, தூள், நூல், பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளை என் துப்பட்டாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், என் கணக்கில் பீடி போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. ஆயிரம் சுற்றினால் இவ்வளவு என்று கூலி வாங்குகிற வீட்டில், கை நின்றால் உலை நின்றுவிடும். கூலியில் ஒரு பைசா எடுக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் ஆபா என்றேன். "என் பையன் ஓடினப்போ பிள்ளை கிடைச்சான், வேலை போச்சு" என்றார்.

ஓதி ஊதச் சொல்ல, நேர்ச்சை வைக்கச் சொல்ல ஊரில் நிறையப் பேர். அவர்கள் மேல் கோபமில்லை, அவர்களும் துஆ செய்தவர்கள்தான். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம், நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிக்கும் அதில் ஒரு பங்கு வரும் என்றெல்லாம் எனக்குச் சொன்னது, மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்து பேசுகிற இந்த அம்மாக்கள்தான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் புர்காவோடு நின்று, யாரிடம் கேட்பது என்று விழித்தவர்கள் அவர்கள்.

இனி யார் வீட்டில் முறம் நின்றாலும் எனக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துப் போகிறேன். நிராமயா விண்ணப்ப வேலையையும் நானே அலைந்து முடித்துத் தருகிறேன்.

அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். உள்ளே வந்ததும் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள், புதிதாக வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கத்தினால் பரவாயில்லை, மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.