பூஜ்யம் வேறு, எண்ணாமல் விட்டது வேறு: என்பிஏ புள்ளிவிவரப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய என்பிஏ புள்ளிவிவரப் பிரிவினருக்கு,

வணக்கம். 1962 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில் நடந்த உங்கள் என்பிஏ கூடைப்பந்து லீக் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் ஒருவரே 100 பாயிண்ட். அந்த ஆட்டத்தின் கணக்கில் இன்று காட்டப்படும் ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் என் மகள் ஒரு விளையாட்டு வினாடி வினாவுக்குப் போனாள். அந்த 100 பாயிண்ட் ஆட்டத்தில் சேம்பர்லின் போட்ட பிளாக் (எதிராளி கூடைக்கு எறியும் பந்தைத் தட்டிவிடுவது) எத்தனை என்று ஒரு கேள்வி. 'அப்போது பிளாக்கை எண்ணும் வழக்கம் இல்லை' என்று இவள் எழுதியிருக்கிறாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். சரியான விடை 0 என்றார்களாம். நியாயம் கேட்கப் போனவளிடம் கேள்வி தயாரித்தவர் ஃபோனை நீட்டியிருக்கிறார். ஏதோ ஓர் ஆப். பாயிண்ட் 100, ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) 25, அசிஸ்ட் (கூடையில் போடுபவருக்குப் பந்தைக் கொடுப்பது) 2, பிளாக் 0, ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) 0.

மார்க் போனதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து அவள் கேட்டதற்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. அவள் பள்ளி அணியில் கூடையருகே நிற்கும் சென்டராக ஆடுகிறவள். "ஏழடி ஒரு அங்குல ஆள், 48 நிமிஷமும் கோர்ட்டை விட்டு வெளியே வரலை. ஒருத்தர் பந்தைக்கூடத் தட்டிவிடலையாப்பா?" பிளாக்கும் ஸ்டீலும் 1973-74 சீசனிலிருந்துதான் கணக்கில் ஏறின என்று சொன்னேன். "அப்போ ஏன் 0-ன்னு போட்டிருக்காங்க?" என்றாள். நான் யாரைக் கேட்பது? உங்களைத்தான்.

அந்த ஆட்டத்தில் எண்ணப்பட்டவை எவ்வளவு அழகாக எண்ணப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சேம்பர்லின் நான்கு கால் பகுதிகளிலும் எடுத்தது 23, 18, 28, 31. கூடையை நோக்கி 63 முறை எறிந்ததில் 36 விழுந்திருக்கிறது. எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதலான ஃப்ரீ த்ரோவில் 32-க்கு 28! வாழ்நாள் முழுக்கப் பாதியைச் சற்றே தாண்டிய சராசரி வைத்திருந்தவர், இடுப்புக்குக் கீழிருந்து பந்தைத் தூக்கிப்போட்டு அன்று அத்தனை எடுத்தார் என்பது அந்த எண்ணால்தான் நமக்குத் தெரிகிறது. சக வீரர் கை ரோட்ஜர்ஸ் 20 அசிஸ்ட். இன்னொரு சக வீரர் அல் ஆட்டில்ஸ் எட்டு முறை எறிந்து எட்டும் உள்ளே. எதிரணியில் ரிச்சி கெரின் 39, பக்னர் 33, நால்ஸ் 31 எடுத்தும் தோற்றார்கள், பாவம்.

அப்புறம் வாரியர்ஸின் ஜோ ரக்லிக். அவர் அன்று எடுத்த பாயிண்ட் 0. ஆனால் சேம்பர்லினின் நூறாவது பாயிண்டுக்குப் பந்தைக் கொடுத்தவர் அவர். கொடுத்த கையோடு, தன் அசிஸ்ட் பதிவானதா என்று பார்க்க ஸ்கோர் மேசைக்கு ஓடினார். அந்த ஒன்று இன்றும் அவர் பெயருக்கு நேரே நிற்கிறது. அவர் பெயருக்கு எதிரே உள்ள 0 உண்மையான பூஜ்யம். நான் அதைக் குறை சொல்லவில்லை. சேம்பர்லின் பெயருக்கு எதிரே பிளாக் கட்டத்தில் வந்து உட்காரும் 0 அப்படிப்பட்டதில்லை. அன்று அங்கே அப்படி ஒரு கட்டமே கிடையாது. அன்று கணக்கெழுதியவர் ஹார்வி போலக். அவர் குறை வைத்தவர் இல்லை. கேட்டிருந்தால் பிளாக்கையும் எழுதியிருப்பார்.

இனி யாராலும் எண்ணவும் முடியாது. தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லை, படச்சுருள் இல்லை. கடைசிக் கால் பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே கோரிக்கை சிறியது: 1973-74-க்கு முந்தைய எல்லா ஆட்டங்களிலும் பிளாக், ஸ்டீல் கட்டங்களில் 'எண்ணப்படவில்லை' என்ற சொல்லை நீங்களே ஏற்றித் தாருங்கள். உங்களிடமிருந்து எடுப்பவர்களும் அதை மாற்றக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. சேம்பர்லின் ஆடிய கடைசி சீசன் 1972-73. அவர் போன அடுத்த சீசனில் எண்ணத் தொடங்கினீர்கள். லேக்கர்ஸில் அவர் இடத்துக்கு வந்த எல்மோர் ஸ்மித் அந்த அக்டோபரிலேயே ஓர் ஆட்டத்தில் 17 பிளாக் போட்டார். அதுவே இன்றுவரை சாதனை. ஸ்மித்தின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 13 சீசனில் 11 கோப்பை வென்ற பில் ரசல், தடுத்தாடுவதையே தொழிலாக வைத்திருந்தவர், உங்கள் பிளாக் பட்டியலில் எங்கே? கரீம் அப்துல் ஜப்பாரின் 3,189 பிளாக்கில் அவரது முதல் நான்கு சீசன் சேரவே இல்லை. இன்று ஒரு வீரர் கோர்ட்டில் எத்தனை மைல் ஓடினார் என்றுகூடக் கேமரா வைத்து அளக்கிறீர்கள். மூச்சு விடுவதை மட்டும்தான் இன்னும் எண்ணவில்லை போலிருக்கிறது.

உங்களுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீக்கின் கணக்கும் அப்படியே. 1976-ல் நான்கு அணிகளைச் சேர்த்துக்கொண்டீர்கள், அவர்களின் எண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். இரண்டு லீக்கிலும் ஆடிய ஜூலியஸ் இர்விங் மொத்தம் 30,026 பாயிண்ட் எடுத்தவர். உங்கள் ஏட்டில் அவர் 18,364. அமெரிக்கப் பேஸ்பால்காரர்கள் 2024-ல், கறுப்பின வீரர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக் கணக்குகளைத் தங்கள் ஏட்டில் சேர்த்தார்கள். அந்த லீக்கில் ஆடிய ஜாஷ் கிப்ஸனின் பேட்டிங் சராசரி, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி மேலே போனது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஏபிஏ விவகாரத்தை இன்னொரு நாள் பேசலாம். இப்போது கேட்பது ஒரே ஒரு சொல்: 'எண்ணப்படவில்லை'. 0 இருக்கும் இடங்களில் அதைப் போட்டுத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போட்டதும் ஒரு வரி தெரிவித்தால் நல்லது. வினாடி வினா நடத்தியவரிடம் அதைக் காட்டப்போவதாக மகள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
பழைய ஸ்கோர்ஷீட் படிக்கும் ஒரு ரசிகன்