ஏப்ரல் மாதத்து இரவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டி முடிந்துவிட்டதாகவும், கூலிக்கு ஆள் கிடைக்கச் சிரமப்பட்டதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது நானும் ஒரு திராட்சைத் தோட்டத்தில் இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஊர் பெயர் ஷப்லி. பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர். என்னோடு வேலை பார்ப்பவரின் சொந்த ஊர். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருப்பார்கள். நடுவே செரன் என்றொரு சின்ன ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் தென்மேற்கு பார்த்த ஒரே சரிவு. ஊரின் மிக உயர்ந்த தரமுள்ள ஏழு தோட்டப் பகுதிகளும் அதில்தான் வரிசையாக இருக்கின்றன, மொத்தமே நூறு ஹெக்டேர் அளவுதான். அதில் ஒன்றின் பெயர் க்ரெனூய், அதாவது தவளைகள்! சார்டனே என்ற வெள்ளைத் திராட்சையைத் தவிர ஷப்லி ஒயினுக்கு வேறு எதுவும் சேர்ப்பதில்லை.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பும் களியும் கலந்த வெளிறிய மண். உடைத்தால் உள்ளே நகக்கண் அளவுக்குச் சிப்பிகள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். ஒயினின் ருசியே அந்த மண்ணிலிருந்துதான் வருகிறது என்று ஊரில் எல்லாரும் உறுதியாக நம்புகிறார்கள்.

அவர்களுடைய பெரிய பயம் ஏப்ரல் மாதம். குளிர் முழுதாகப் போவதற்குள் துளிர் விட்டுவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவாக இருந்தால் விடியற்காலையில் உறைபனி இறங்கி, அந்தத் துளிர் ஒரே இரவில் கருகிப்போகும். 1957இல் ஊர் முழுக்கச் சேர்த்தே ஏறக்குறைய ஒன்றுமே தேறவில்லையாம். 2021 ஏப்ரலிலும் பிரான்ஸ் முழுவதும் பெரிய அடி. 1950களில் தோட்டமே ஐந்நூறு ஹெக்டேருக்குச் சுருங்கிக் கிடந்த ஊர் இது. இன்று அது ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது என்றால், பனியோடு போராடக் கற்றுக்கொண்டதும் ஒரு காரணம்.

அந்தப் போராட்டத்தைத்தான் நேரில் பார்த்தேன். இரவு இரண்டரை மணிக்கு நண்பரின் அப்பா கதவைத் தட்டினார். வெளியே போனால் சரிவு முழுக்க வரிசை வரிசையாக விளக்கு! வாளிகளில் மெழுகு நிரப்பித் திரி போட்டு எரிக்கிறார்கள், ஏக்கருக்கு நூறுக்கு மேல். நம் ஊர் கார்த்திகை நினைவு வந்தது. ஆனால் இங்கே யார் முகத்திலும் சிரிப்பில்லை.

பெரியவர் தோட்டத்தில் மெழுகு இல்லை, தண்ணீர். குளிரில் நடுங்கும் செடிமேல் தண்ணீரைத் தெளிக்கிறாரே என்று எனக்குப் பதறியது. அவர் பொறுமையாக விளக்கினார். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். தெளித்துக்கொண்டே இருந்தால் துளிரைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும். அதற்குள் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், துளிர் பிழைக்கும். ஆனால் வெயில் வந்து பனி உருகத் தொடங்கும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் மோட்டார் நின்றால் சும்மா விட்டதைவிட மோசம். இதற்காகவே பக்கத்தில் பென் என்ற ஊரில் ஓர் ஏரி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

விடியும்வரை அவர் உட்காரவே இல்லை. குழாய் குழாயாகப் போய்க் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்ட் போன இரவுகளில் உங்கள் அப்பா கிணற்றடியில் நின்றது எனக்குக் கண்முன் வந்தது மாப்பிள்ளை. வெயில் ஏறியதும் ஒரு துளிரை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. அதன்பிறகுதான் காபி குடித்தார்.

அப்புறம் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்வார்களே, அதைச் சொன்னதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சொன்னேன். ஆனால் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை என்றதை மட்டும் நம்பவில்லை. அவருக்கு ஆண்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் செப்டம்பரில். தலைக்கு மேலே பந்தலில் குலை தொங்கும் என்றதும், "வெயில் எப்படிப் படும்?" என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நீயே எழுது. பழுத்த குலையும் கல்தூணும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் அனுப்பு. மொழிபெயர்த்து அவரிடம் கொடுக்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்
செல்வம்