இருபது மணி நேரம்

ராணிப்பேட்டை,
கார்த்திகை, 2025

சிரஞ்சீவி பாபுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, பின்கட்டுச் சுவர் ஒழுகுவது ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுத மனசு வரவில்லை, அதனால்தான் தபால்.

நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பின 60,000 ரூபாய் வந்து சேர்ந்தது. அம்மா ரத்தினகிரிக்குப் போய் அர்ச்சனை செய்து, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் பெருமைதான். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் பழைய டைரியின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீசில் ஆள் கணக்கு எழுதின கை, சும்மா இருக்குமா? அங்கே படிக்கிற பிள்ளைக்கு, காலேஜ் நடக்கும்போது, வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. 2025ல் உன் வயசுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். ஆக வாரத்துக்கு 244 பவுண்டு. ரூம் வாடகை, பஸ், அரிசி பருப்பு எல்லாம் கழித்தால் வரவேண்டியது வேறு, வந்தது வேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை. காலேஜில் ஏதாவது உதவித்தொகை கொடுத்திருப்பார்கள்.

போன் பண்ணினால் டயர்டாக இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். படிப்புக் களைப்பா, வேறு களைப்பா என்று குரலில் தெரியாதா எனக்கு?

எதிர்வீட்டு வாத்தியார் பேத்தி அந்த ஊர்ச் சட்டத்தைப் படித்துச் சொன்னாள். அங்கே வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. போன வாரம் 12, இந்த வாரம் 28 என்று சரிக்கட்ட முடியாது. இரண்டு கடையில் செய்தாலும் கூட்டி 20தான். வேலைக்கு வைக்கிறவர் உன்னிடம் ஷேர் கோடு என்கிற எண்ணை வாங்கி, உனக்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்க்கணும், காலேஜ் எப்போது நடக்கிறது, எப்போது லீவு என்று தேதி வாங்கி வைக்கணும். இதெல்லாம் கேட்காமல் கையில் காசு கொடுக்கிற முதலாளியைத் தங்கமான மனுஷன் என்று நினைக்காதே. நாளைக்குக் கூலி பாக்கி வைத்தால் நீ யாரிடம் போய்ச் சொல்வாய்?

மாட்டினால் முதலாளிக்கும்தானே தண்டனை என்பாய். ஆமாம், 2024 பிப்ரவரியிலிருந்து முதல் தடவைக்கே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். நம்ம பணத்தில் 50 லட்சத்துக்கு மேல். ஆனால் முதல் தடவை மாட்டினவர் 21 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடியாம்! உனக்கு எவன் தள்ளுபடி கொடுப்பான்? விசா போகும், படிப்பு போகும். 2016ல் வந்த சட்டப்படி, அனுமதி இல்லாமல் செய்த வேலைக்கு வாங்கின கூலியையே பிடுங்கிக்கொள்ளலாம். 20 மணி நேரம், பாபு. அதற்குமேல் ஒரு நிமிஷம் வேண்டாம்.

பேர் எழுதாமல் வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதை இந்தச் சட்டத்தையெல்லாம் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதே. நான் வேலை பார்த்த தோல் ஷாப்பில் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று நான் என்ன செய்வேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. மஸ்டர் ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், பேர் இல்லாத ஆட்களைப் பின்பக்க கோடவுனில் உட்காரவைத்து வெளியே பூட்டுவேன். தோல் நாற்றத்தில் நாலு மணி நேரம் மூச்சு விடாமல் இருப்பார்கள். ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன், உன் வயசுகூட இருக்காது, தோலில் ஒட்டின சதையைச் சீவுகிற ஃப்ளெஷிங் மிஷினில் இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டபோது, "அந்தப் பேரில் எங்க ஷாப்பில் ஆளே இல்லை" என்று சொன்னது நான்தான். பொய்யும் இல்லை. பேரை எழுதாதவன் நான். முதலாளி சொன்னார் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இடது கையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆறு நாள் கேட்டில் வந்து நின்றான். ஏழாம் நாள் வரவில்லை. அந்த வருஷ போனசில்தான் உனக்கு சைக்கிள் வாங்கினேன்.

அடுத்த மாசம் பணம் அனுப்பாதே. அம்மா சங்கிலி அடகில் மூழ்கினாலும் மூழ்கட்டும், வட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். வாலாஜாவில் ஒரு கடையில் கணக்கு எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள். பணம் வரவில்லையே என்று அம்மா கேட்டால், ஃபீஸ் கட்டினேன் என்று சொல். மற்றதை அவளிடம் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. வேலைக்குப் போகிற ஞாயிறாக இருந்தால் திங்கள் பண்ணு.

அப்பா