அரசு ஒதுக்கின இடம் இல்ல சார் அது

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணம் பக்கம் எங்க ஊர்ல பூங்காவும் நாடக மேடையும் திறந்ததை போட்டோவோட போட்டிருந்தீங்க, சந்தோஷம், ஆனா "அரசு ஒதுக்கிய இடத்தில்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க பாருங்க, அதுதான் உறுத்துது.

யாரும் ஒதுக்கல சார். ஒன்றரை வேலி, அதாவது சுமார் பத்து ஏக்கர் நஞ்சையை மனை போட்டு வித்தாங்க. ரெண்டரை ஏக்கருக்கு மேல லேஅவுட் போட்டா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது இடமா விட்டு தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கணும், இங்கயும் ஊராட்சி பேருக்கு எழுதியாச்சு, ரெண்டு மா சொச்சம் (மூணு மா ஒரு ஏக்கர் கிட்ட வரும்). பேப்பர்ல பூங்கா, நேர்ல கருவேலங்காடு. ஒருநாள் பார்த்தா அதுக்குள்ளயே மனைக்கல் நட்டு சிவப்பு பெயிண்ட்ல நம்பர் எழுதிட்டு இருக்கானுங்க!

எங்க ஊர் மன்றத்து பசங்க 10 ரூபா ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போட்டாங்க, வந்த பதில்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் வில்லங்கச் சான்று போட்டு பார்த்து, சார்பதிவாளர் ஆபீஸ்ல தானப்பத்திர நகல் வாங்கி, எங்க ஊர் ரிட்டயர்டு சர்வேயர் ஒருத்தர் வேகாத வெயில்ல லேஅவுட் படத்தை விரிச்சு வச்சுக்கிட்டு கிணத்து மூலையிலேர்ந்து டேப் பிடிச்சார், அஞ்சு கல்லு பூங்காவுக்குள்ள நிக்குது. அதை வச்சுத்தான் ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானம் போட வச்சோம். அதுக்கப்புறம் கலெக்டர் ஆபீஸ் மனு, எத்தனை திங்கக்கிழமைன்னு கணக்கே இல்ல, போற பஸ் காசு அவங்கவங்க கைக்காசு.

மேடை கதை வேற. பூங்காவுக்கு விட்ட இடத்துல கட்டடம் கூடாதுன்னுட்டாங்க, நியாயம்தான். பக்கத்துலயே பழைய களம், புறம்போக்கு, அறுவடை மிஷின் வந்ததுலேர்ந்து அங்க யாரும் நெல்லடிக்கிறதில்ல, ஆடு கட்டுறதோட சரி. அதைக் கேட்டு வாங்கினோம். மெலட்டூர்ல பாகவத மேளா நாட்டிய நாடகம் நடக்குற ஜில்லா இது, எங்க ஊர் நாடகம் மட்டும் இத்தனை வருஷமா மெயின் ரோட்டுல. டவுன் பஸ் வந்தா ராஜபார்ட் பாதி வசனத்துல நிறுத்தி, கிரீடத்தை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு டீக்கடை ஓரமா ஒதுங்கி நிப்பார், கண்டக்டர் வேற விசில் அடிப்பார்.

அடுத்த தடவை ரிப்பன் வெட்டுனவங்களோட அந்த சர்வேயரையும் ஒரு வரி போடுங்க. அப்படியே மேடைக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷன் கொடுக்கலங்கிறதையும் எழுதுங்க, போன மாசி நாடகம் ஜெனரேட்டர்லதான் ஓடுச்சு, டீசல் காசு ஊர் வரியில போயிடுச்சு.

இப்படிக்கு,
மன்றத்துல ஒருத்தன்