சார்லட்டிலிருந்து அப்பாவுக்கு

சார்லட், வட கரோலினா
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பேசியபோது, "அந்த ஊர்ல மண்ணு எப்படிடா?" என்று கேட்டீர்கள். செம்மண்தான் அப்பா. மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொண்டு வீடு வரைக்கும் வருகிறது. அந்த மண்ணில் நான் எங்கே போய் நடந்துகொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது.

வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஒன்பது குழிதான். பொது மைதானம் என்பதால் கிளப், மெம்பர் என்ற தொல்லை இல்லை. காசு கட்டினால் யாரும் ஆடலாம். சனிக்கிழமை காலையில் நான் அங்கே போக ஆரம்பித்திருக்கிறேன். வாசலில் டாக்டர் சார்லஸ் எல். சிஃபோர்ட் என்று பெயர் எழுதியிருக்கிறது. வைத்தியராக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. அவர் உங்களைப் போலச் சின்ன வயதில் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குப் பை தூக்கியவர், பிற்பாடு தானே பெரிய ஆட்டக்காரர் ஆனவர். டாக்டர் பட்டம் கடைசிக் காலத்தில் கிடைத்த கௌரவம்.

ஊட்டியில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உங்கள் உயரத்துக்கு இருந்த பையைச் சுமந்துகொண்டு மேடு ஏறினதை எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! எந்த இடத்தில் எந்த ஸ்டிக் எடுக்கவேண்டும் என்று துரைமார்களுக்கே சொல்லிக் கொடுத்தது, இருட்டுகிற நேரத்தில் உடைந்த ஸ்டிக்கை வைத்து நீங்கள் பையன்களெல்லாம் ஆடினது, எல்லாம் எனக்கு மனப்பாடம். சிஃபோர்ட் 1922இல் இதே சார்லட்டில் பிறந்தவர். பை தூக்கினால் ஒரு நாளைக்கு 60 சென்ட். அதில் 50 சென்ட்டை அம்மா கையில் கொடுத்துவிடுவாராம். பதின்மூன்று வயதிலேயே பெரிய ஆட்டக்காரர்களுக்குச் சமமாக அடித்திருக்கிறார். ஆனாலும் கறுப்பர் என்பதால் இந்த ஊரில் அவருக்கு வழியே இல்லை. பதினேழு வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார்.

நான் இப்போது நடக்கிற மைதானத்துக்கு அப்போது பானி பிரே என்று பெயர். நிலம் கொடுத்தவர்கள் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறார்கள்: வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் பயன்படுத்தவேண்டும், மீறினால் நிலம் திரும்ப எங்களுக்கே வந்துவிடும் என்று. 1951இல் உள்ளூர்க் கறுப்பர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1957இல்தான் கதவு திறந்தது. 2011இல் சிஃபோர்ட் பெயரை வைத்தார்கள். பத்திரத்தில் அப்படி எழுதியிருந்த மண்ணுக்கு இன்றைக்கு அவர் பெயர். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1896இலேயே ஜான் ஷிப்பென் என்ற கறுப்பினப் பையன் அமெரிக்க ஓப்பன் போட்டியில் ஆடியிருக்கிறார். மற்ற ஆட்டக்காரர்கள் விலகிவிடுவோம் என்று மிரட்டினார்கள். போட்டியை நடத்திய கோல்ஃப் சங்கத்தின் தலைவர் அசரவில்லை, போட்டி நடந்தது. பிற்பாடுதான் கதவை இறுக்கிச் சாத்தினார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான பிஜிஏ, வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று 1934இல் விதியாகவே எழுதி வைத்தது. அது 1961 நவம்பர் வரைக்கும் இருந்தது. அதனால் கறுப்பர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துத் தனிப் போட்டிகள் நடத்திக்கொண்டார்கள். சிஃபோர்ட் அவர்களுடைய தேசியப் போட்டியை ஆறு முறை ஜெயித்தவர்.

பில் ஸ்பில்லர் என்று ஒருவர், அப்பா. அவரைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்லவேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் ரயில் நிலையத்தில் போர்ட்டர் வேலை பார்த்தவர். 1948இல் கலிஃபோர்னியாவில் ஒரு போட்டியில் தகுதி பெற்றும் அவரையும் டெட் ரோட்ஸ் என்பவரையும் ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டார்கள். இனிமேல் பாகுபாடு காட்டமாட்டோம் என்று சங்கம் வாக்குக் கொடுத்தது. அதை நம்பி வழக்கை வாபஸ் வாங்கினார்கள். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? போட்டிகளுக்கெல்லாம் "அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும்" என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அழைப்பு மட்டும் இவர்களுக்கு வரவே இல்லை.

வருஷங்கள் ஓடின. ஸ்பில்லர் ஒரு கிளப்பில் பை தூக்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு நன்றாக ஆடுகிற நீ ஏன் போட்டிகளில் ஆடுவதில்லை என்று பையின் சொந்தக்காரர் ஒரு நாள் கேட்டார். ஸ்பில்லர் அந்த விதியைச் சொன்னார். கேட்டவருக்கு ஸ்டான்லி மாஸ்க் என்ற மாநில அட்டர்னி ஜெனரல் நண்பர். விஷயம் அவரிடம் போனது. இந்த விதி இருக்கிற வரை கலிஃபோர்னியாவின் பொது மைதானங்களில் போட்டி நடத்தவிட மாட்டேன் என்று அவர் நின்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் விதி ஒழிந்தது. ஆனால் அதற்குள் ஸ்பில்லருக்கு வயதாகிவிட்டது. சங்கம் அவருக்கு உறுப்பினர் இடம் கொடுத்தது 2009இல். அவர் 1988இலேயே இறந்துவிட்டார்.

சிஃபோர்ட் பட்டது இன்னும் கொடுமை. 1952இல் ஃபீனிக்ஸ் போட்டியில் முதல் குழிக்குப் போய்ப் பார்த்தால் குழிக்குள் மனித மலம். 1961இல் இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிரீன்ஸ்பரோவில் ஆட வந்தபோது ராத்திரி போனில் கொலை மிரட்டல். மறுநாள் ஒரு கும்பல் குழிக்குக் குழி பின்னாலேயே வந்து கேவலமாகத் திட்டியிருக்கிறது. வாயில் சுருட்டைக் கடித்துக்கொண்டு ஆடி முடித்து நான்காவது இடம் வாங்கினார். 1967இல் ஹார்ட்ஃபோர்டில் ஜெயித்தபோது வயது 45. 1969இல் லாஸ் ஏஞ்சலஸிலும் ஜெயித்தார். அவ்வளவும் செய்தும், கோல்ஃபில் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸுக்கு அவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

மாஸ்டர்ஸ் நடக்கிற அகஸ்டாவில் அந்தக் காலத்தில் பை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். ஆடுகிறவர்களில் ஒரு கறுப்பர்கூட இல்லை. 1975இல்தான் லீ எல்டர் அதில் ஆடிய முதல் கறுப்பர் ஆனார். மிரட்டல் காரணமாக இரண்டு வீடு வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கியிருக்கிறார். ஆட்டம் முடிந்து அவர் திரும்பும்போது, அங்கே வேலை செய்த கறுப்பின ஊழியர்கள் வெளியே வந்து வரிசையாக நின்று கைதட்டினார்களாம். டைகர் வுட்ஸ் பெயர் உங்களுக்குத் தெரியும். அவர் 1997இல் அங்கே இரண்டாவதாக வந்தவரைவிட 12 ஷாட் குறைவாக அடித்து ஜெயித்தபோது, பார்க்க எல்டரும் வந்திருந்தார். வுட்ஸ் தன் மகனுக்கு வைத்த பெயர் சார்லி. சிஃபோர்ட் பெயர்தான்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு ஆட ஒரு பெரியவர் வருவார், எழுபது தாண்டியவர், கறுப்பினத்தவர். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரையில், நான் பந்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, உள்ளங்கையால் புல்லைத் தடவிப் பார்த்தேன். நீங்கள் செய்துகாட்டுவீர்களே, அதே மாதிரி. அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். என் அப்பா, சின்ன வயதில் பை தூக்கினவர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். தன்னுடைய அப்பாவும் இதே ஊரில் பை தூக்கினவர்தான் என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு மரக்குச்சியை எடுத்து, "உன் அப்பாவுக்கு அனுப்பு" என்று கொடுத்தார்.

அதைத்தான் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பந்தை ஏற்றி வைக்கிற குச்சி. முன்னெல்லாம் ஈர மணலைக் குவித்து அதன்மேல் பந்தை வைப்பார்களாம், நீங்கள் பையன்களாக மண்ணைக் குவித்து வைத்து ஆடின மாதிரியே. ஜார்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினப் பல் டாக்டர்தான் 1899இல் மரக்குச்சிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அவர் அதை விற்கவில்லை, நண்பர்களுக்குச் சும்மா கொடுத்தாராம்.

விசா தேதி வந்தவுடன் சொல்லுங்கள். இங்கே ஒரு குழியில் புல் என்னை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. பார்க்க இடது பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கிறது, பந்து வலது பக்கம் ஓடுகிறது. பெரியவருக்கும் பிடிபடவில்லை. நீங்கள் வந்து தடவிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

உங்கள் அன்பு மகன்